புதுப்பிப்பு: வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டாச்சு

தங்கச்சிமடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கணினியை என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பயந்துகொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற முடிவு செய்தோம். முதலில் பென்டிரைவில் இருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்தோம். வைஃபையும் பிரின்டரும் உடனே வேலை செய்தன. அப்புறம்தான் புது எஸ்எஸ்டி வாங்கி அதில் நிறுவினோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சிக்கல் வந்தது அப்பாவின் படகுக் கணக்கில்தான். டீசல், ஐஸ், ஆள்கூலி, இறால் விற்ற வரவு எல்லாம் பல வருடமாகப் பாமினி எழுத்துருவில் எக்ஸெலில் அடித்தவை. எக்ஸெலுக்குப் பதிலாக மின்ட்டில் இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள்! அப்பா முகம் வாடிவிட்டது. கணக்கு ஒன்றும் அழியவில்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய வகை எழுத்துரு; அது மின்ட்டில் இல்லாததுதான் காரணம். பழைய டிஸ்க்கில் இருந்து பாமினி கோப்பை எடுத்து நிறுவியதும் அத்தனையும் தமிழில் வந்துவிட்டது.

இனி புதிதாக எழுதுவது பாமினி மாதிரி தனி எழுத்துருவை நம்பியிராத யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில். பழைய கணக்குகளை ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாவும் நானும் உட்கார்ந்து மாற்றப் போகிறோம்.