எழுபது வயதைத் தாண்டியவர்களை ஐம்பதுகளில் நிறுத்தும் மாடல்: எங்கே சிக்கல்?

கேள்வி – கயல்
வணக்கம். முகப்படத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி மாடல்) ஒன்றை முதுகலைத் திட்டப்பணிக்காகச் செய்கிறேன். யுடிகேஃபேஸ் என்ற முகப்படத் தொகுப்பு, ரெஸ்நெட்-50 என்ற 50 அடுக்கு நெட்வொர்க், முடிவில் வயதாக ஒரே ஓர் எண். பிழையின் வர்க்கத்தைக் குறைக்கும்படி பயிற்சி. சராசரிப் பிழை ஐந்து ஆண்டுகளை ஒட்டி வருகிறது. ஆனால் எழுபதைத் தாண்டியவர்கள் ஐம்பதுகளில் வந்து நிற்கிறார்கள். 81 வயதான என் பாட்டிக்கு 58 என்கிறது! அடுக்குகளைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் – மருதம்
ஆகாது. அந்தத் தொகுப்பில் இருபதுகளில் இருப்பவர்கள் குவிந்திருக்கிறார்கள், முதியவர்கள் சொற்பம். வர்க்கப் பிழையோ, ஐயம் வந்தால் நடுவுக்கு ஒதுங்கவே மாடலைப் பழக்குகிறது. 2015இல் சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் ரோத், டிமோஃப்ட், வான் கூல் மூவரும் செய்த டெக்ஸ் என்ற வயதுக் கணிப்பு முறையைப் பாருங்கள். விஜிஜி-16 என்ற நெட்வொர்க்கின் முடிவில், 0 முதல் 100 வரை வயதுக்கு ஒன்றாக 101 வகுப்புகள். ஒவ்வொரு வயதையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் கணிப்பு. இதுவும் நடுவுக்குச் சாயும். ஆனாலும் பாட்டியின் படத்தில் நிகழ்தகவு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பதில் – நெய்தல்
கயல், முதலில் லேபிள்களை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் குறித்திருக்கும் வயதைப் பாருங்கள். யுடிகேஃபேஸின் வயதுகள் பிறப்புச் சான்றிதழிலிருந்து வந்தவை அல்ல. மருதம் சொன்ன அதே டெக்ஸ் முறையால் கணித்து, மனிதர் ஒருவர் சரிபார்த்தவை. தொகுத்தவர்களே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் ஐந்து ஆண்டுப் பிழை எதிலிருந்து அளந்தது? இன்னொரு மாடலின் ஊகத்திலிருந்து. இதை அறிக்கையில் எழுதாமல் விடாதீர்கள்.

ஐஎம்டிபி திரைப்படத் தளத்திலும் விக்கிப்பீடியாவிலும் உள்ள பிரபலங்களின் படங்களைச் சேர்த்த ஐஎம்டிபி-விக்கி தொகுப்பில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. பிறந்த தேதியையும் படம் எடுத்த ஆண்டையும் வைத்து வயதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். படத்தில் இரண்டு முகங்கள் இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த வயது போய்விடும்; ஆகவே ஒரே முகம் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். எஃப்ஜி-நெட் என்ற இன்னொரு தொகுப்பில் 82 பேரின் 1,002 படங்கள். ஆனால் 69 வயதோடு நின்றுவிடுகிறது, உங்கள் கேள்விக்கு உதவாது. எந்தத் தொகுப்பானாலும் ஒரே ஆளின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் சேர்ந்து வரக்கூடாது.

கயல்
மிக்க நன்றி. பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்துப் பிழையைத் தனித்தனியே காட்டுகிறேன். எங்கள் தெருப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் படம் எடுத்துச் சோதிக்கலாமா?

நெய்தல்
தாராளமாக. ஆனால் அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் எழுதியதே பிறந்த தேதி. பிறப்புப் பதிவு உள்ளவர்களைத் தனிக் கோப்பில் வையுங்கள்.