பிள்ளையின் பெரா (சத்தத்துக்குக் காது நரம்பில் அலை எழுகிறதா என்று பார்க்கும் சோதனை) ரிசல்ட் வந்த நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

திருச்சி அம்மா:
90 டெசிபல் பெருஞ்சத்தத்துக்கும் இரண்டு காதிலும் அலை வரவில்லை. மாமியார் நம்பவில்லை. வராந்தா மரப்பெஞ்சில் டிபன் பாக்ஸ் மூடியால் ஓங்கித் தட்டினார். பிள்ளை சட்டென்று திரும்பினான். "பார்த்தீர்களா, கேட்கிறது!" என்று உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவன் இருந்ததும் அதே பெஞ்சின் மறுகோடியில்தான், பலகை அதிர்ந்திருக்கிறது. ஆடியாலஜிஸ்ட் மூடியை வாங்கி, அவன் முதுகுக்குப் பின்னால் காற்றில் கரண்டியால் தட்டிக் காட்டினார். அவன் செருப்பு வாரைப் பிரித்துக்கொண்டே இருந்தான். மாமியார் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மதுரைக்காரன்:
பாட்டிகளைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் முதலில் சந்தேகப்பட்டவரே என் அம்மாதான். டாக்டரோ, "பிறந்தபோதே ஓஏஇ காது சோதனையில் பாஸ், ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று சீட்டை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். மஞ்சள் காமாலை முற்றி ஐசியூவில் கிடந்த குழந்தை! ஓஏஇ உள்காதைத்தான் பார்க்கும்; நரம்பில் கோளாறு என்றால் பெராவில்தான் தெரியும். இது அவருக்குத் தெரியாதா?

சேலம் அப்பா:
என் மகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) ஆகிவிட்டது, நன்றாகப் பேசுகிறாள். திருச்சி அம்மாவுக்குச் சொல்கிறேன்: அழுதுகொண்டிருக்க நேரமில்லை. முதலில் காது மெஷின் போட்டுப் பாருங்கள். பலன் இல்லையென்றால் இம்பிளாண்ட். முதலமைச்சர் காப்பீட்டில் ஆறு வயதுக்குள் செய்துகொள்ளலாம். ஆனால் ஆறு வரை காத்திருக்காதீர்கள், பேச்சு வளர்வது முதல் மூன்று வருடங்களில்தான். அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும், அங்கே விசாரியுங்கள். ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கருவியை இயக்கிவைக்கும் சுவிட்ச் ஆன், குழந்தைக்கு ஏற்ப ஒலி அளவைச் சரிசெய்யும் மேப்பிங், பிறகு வருடக்கணக்கில் பேச்சு தெரபி. ஒயரும் பேட்டரியும் வாங்கி மாளாது. சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசிக்கொண்டே இருங்கள். குளிப்பாட்டும்போது கருவியைக் கழற்றிவிட வேண்டும், அப்போது முகம் பார்த்துப் பேசுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

நெல்லை மகள்:
சேலம் அண்ணா, எல்லோருக்கும் இம்பிளாண்ட்தான் வழி என்பதுபோல் சொல்லாதீர்கள். என் அண்ணனுக்குக் காது கேட்காது. சைகையில்தான் வளர்ந்தான், இன்று டிசைனர். பந்தியில் நான் அவனிடம் கை அசைத்துப் பேசினால் எதிர் வரிசையே சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்க்கும். அவனோ அவர்கள் இலையில் எது தீர்ந்துபோனது என்று எனக்குக் கையாலேயே கணக்குச் சொல்வான்.

திருச்சி அம்மா:
அண்ணா, மெஷின் போட்டாகிவிட்டது, தெரபிக்கும் போகிறோம். நான் கேட்க வந்தது வேறு. வருகிற முகூர்த்தத்தில் நாத்தனார் கல்யாணம். போட்டோ எடுக்கும்போது மட்டும் மெஷினைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். உங்கள் வீடுகளில் இதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?