சனி ஞாயிறு பாட்டுப் போட்டிகள்: ஏன் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் மோதுகின்றன?

மாம்பலம்வாசி:

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ரிமோட்டுக்குச் சண்டை. அம்மாவுக்கு விஜய் டிவி சூப்பர் சிங்கர் வேண்டும், பெண்ணுக்கு ஜீ தமிழ் சரிகமப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் சன் டிவியில் "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்று ஒரு புதுப்படமும் வந்து நிற்கும். பெண் நான்காம் வகுப்பு, பக்கத்துத் தெரு டீச்சரிடம் பாட்டு கற்றுக்கொள்கிறாள், வர்ணம் வரைக்கும் வந்துவிட்டாள். அதனால் இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு மனசில்லை.

என் கேள்வி இதுதான். இரண்டும் பாட்டுப் போட்டி, இரண்டையும் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். நீ சனிக்கிழமை, நான் ஞாயிற்றுக்கிழமை என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே, ஏன் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்?

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. இந்த மோதலில் பாட்டு சுருங்கிக்கொண்டே போகிறது. போன வாரம் ஒரு பையன் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான், சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏறுகிற இடத்துக்கு வந்தான், சரியாக அந்த நேரத்தில் கேமரா நடுவர் முகத்துக்குப் போய்விட்டது. அவர் கண்ணைத் துடைக்கிறார், மேலே ஒரு சோக வயலின் ஓடுகிறது, பையன் குரல் அடியில் எங்கோ கிடக்கிறது. "அப்பா, அந்த சங்கதியைக் கேட்கவே விடலையே" என்றாள் பெண். அவள் சொன்னது நியாயம்.

சொந்தக்காரர்கள் வேறு அடுத்த ஆடிஷனுக்கு அனுப்பு, அனுப்பு என்கிறார்கள். துறையில் இருப்பவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ரேட்கார்டு:

விளம்பர ஏஜென்சியில் மீடியா பையிங், அதாவது சேனல்களில் விளம்பர நேரம் வாங்கும் வேலை பார்க்கிறேன், அதனால் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

குடும்பம் மொத்தமும் ஒரே டிவி முன்னால் உட்காருவது வாரத்தில் இந்த இரண்டு சாயங்காலம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த நேரம் சீரியலுக்குப் போய்விடும். சோப்பு, மசாலா, நகைக்கடை, பெயிண்ட் என்று பெரிய ஸ்பான்சர்கள் எல்லோரும் கேட்பது அந்தக் குடும்பக் கூட்டத்தைத்தான். இதில் ஒரு சேனல் பெருந்தன்மையாக ஒரு நாளை விட்டுக்கொடுத்தால், அந்த நாளில் பார்த்துப் பழகியவர்கள் அப்படியே அடுத்த சேனலுக்குப் பழகிவிடுவார்கள். காலி செய்த சீட்டில் அடுத்தவன் துண்டு போட்டுவிடுவான். திரும்ப வாங்க ஒரு முழு சீசன் ஆகும்.

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு எடுக்கிற முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2015லிருந்து இந்தியாவில் இதை எடுப்பது பார்க் (BARC) என்கிற அமைப்பு. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மீட்டர் இருக்கும். சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும், அதை வைத்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று மீட்டர் கண்டுகொள்ளும். வீட்டில் பாட்டி பார்க்கிறாரா, பையன் பார்க்கிறானா என்பதற்கு ஒவ்வொருவருக்கும் தனி பட்டன். சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம், அடுத்த வியாழக்கிழமை எண்கள் வரும். அந்த வியாழக்கிழமையை நினைத்துத்தான் சேனலில் எல்லா முடிவும் எடுக்கப்படுகிறது.

இந்தக் கணக்கு நிமிட வாரியாக வருவதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் காரணம். நான் பார்த்த கிராஃப்களில், அதிகம் பழகாத பாட்டு என்றால் இரண்டாவது சரணத்துக்குள் கோடு இறங்க ஆரம்பிக்கும். யாராவது அழுதால், அப்பா அம்மா திடீரென்று மேடைக்கு வந்தால், பிரபலம் ஒருவர் உள்ளே நுழைந்தால் கோடு ஏறும். இதைப் பார்த்துவிட்டு எடிட்டிங் மேசைக்குப் போகிறவர் கை எங்கே கத்தரி வைக்கும்? சரணத்தில்தான். விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம், அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. இரண்டரை மணி நேர எபிசோடில் அரை மணி நேரம் அப்படியே போய்விடும், மீதியில் நடுவர்கள் பேச்சு, தொகுப்பாளர் கலாட்டா, வீட்டுக் கதை. பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த மோதல் பாட்டில் மட்டும் இல்லை. 2005ல் விஜய் டிவியில் கலக்கப்போவது யாரு வந்தது, அதில் பேர் வாங்கியவர்களை வைத்தே பிறகு சன் டிவியில் அசத்தப்போவது யாரு வந்தது. நடனத்தில் 2006ல் விஜயில் ஜோடி நம்பர் ஒன், அடுத்த வருடமே கலைஞர் டிவி தொடங்கி மானாட மயிலாட. 2024ல் விஜய் டிவியின் சமையல் நிகழ்ச்சியான குக் வித் கோமாளியை அதுவரை தயாரித்துவந்த மீடியா மேசன்ஸும் நடுவர் வெங்கடேஷ் பட்டும் சன் டிவிக்குப் போய் டாப் குக்கு டூப் குக்கு செய்தார்கள், ஏப்ரலில் குக் வித் கோமாளியின் புது சீசன், மே மாதத்தில் டாப் குக்கு டூப் குக்கு. இருக்கிற வார இறுதி ஒன்றுதான், ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

பெரம்பூர் நேயர்:

ரேட்கார்டு சொல்வது வியாபாரக் கணக்கு, அதை மறுக்கவில்லை. ஆனால் பாட்டை முழுசாகக் கேட்க மக்கள் தயாராக இல்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள் ஞாபகம் இருக்கிறதா? பாடுகிறவர் பாடி முடிப்பார், பிறகுதான் பேச்சு. அப்துல் ஹமீது ஐயாவின் பாட்டுக்குப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த அதே நிகழ்ச்சியை இங்கே டிவியில் பார்த்தோம். ஓர் எழுத்தைக் கொடுப்பார், பாட வேண்டும், அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதில் அவர் உச்சரிப்பைக் கேட்பதற்காகவே எங்கள் வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருப்போம். ஜெயா டிவியில் ராகமாலிகாவும் இருந்தது.

அப்போதும் சேனல்களுக்குள் போட்டி இருந்தது. போட்டியில் பாட்டு முன்னால் நின்றது, இப்போது பாடுகிறவரின் கஷ்டம் முன்னால் நிற்கிறது. ஒரு குழந்தை பாட வந்தால் அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்பதைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள், அவள் பாடியதை மூன்று நிமிடம். அந்த அப்பா கூச்சத்தோடு கீழே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கீபோர்டுக்காரன்:

லைட் மியூசிக் கச்சேரி வாசிக்கிறேன், டிவி நிகழ்ச்சி ஆர்கெஸ்ட்ராவிலும் வாசித்திருக்கிறேன். இங்கே எல்லோரும் போட்டியைத் திட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

இரண்டு மூன்று சேனல்கள் முட்டிக்கொள்வதால்தான் எங்களுக்குச் சோறு. ஒரு சேனல் முன்பே பதிவு செய்த டிராக் போட்டு ஒப்பேற்றினால், இன்னொன்று லைவ் ஆர்கெஸ்ட்ராவோடு நிற்கும், உடனே முதல் சேனலும் நாதஸ்வரம், தவில், ஷெனாய், சாரங்கி என்று ஆள் கூப்பிடும். கொரோனா காலத்தில் கல்யாணக் கச்சேரி, கோயில் கச்சேரி எல்லாம் நின்றுபோனபோது என்னோடு வாசிக்கிற பல பேரை ஓரளவு தூக்கி நிறுத்தியது இந்த நிகழ்ச்சிகள்தான்.

பாடுகிறவர்களுக்கும் அப்படித்தான். 2006ல் சூப்பர் சிங்கர் தொடங்கியபோது சினிமாப் பாட்டை மெல்லிசை முறையில் சுத்தமாகப் பாடுகிறவர்களுக்கான மேடையாகத்தான் அது இருந்தது. ஜீ தொலைக்காட்சியின் சரிகமப இந்தியில் 1995லிருந்தே இருக்கிற பழைய நிகழ்ச்சி, ஆரம்பத்தில் சோனு நிகம் தொகுத்து வழங்கினார், தமிழுக்கு அது 2017ல்தான் வந்தது. அடுத்த வருடம், 2018ல், சூப்பர் சிங்கர் பட்டத்தை வாங்கியவர் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ். அதற்கு முன்னால் கிராமியப் பாட்டு இந்த மேடைகளில் 'ஒரு சுற்று' மட்டும்தான், அந்த வாரம் எல்லோரும் வேட்டி கட்டி வருவார்கள், முடிந்தது. அவர் சீசன் முழுக்க அதையே பாடி ஜெயித்தார். 2023 டிசம்பரில் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டம் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவுக்குப் போனது. இன்னொரு சேனல் செய்யாததைச் செய்ய வேண்டும் என்ற துரத்தல் இல்லாவிட்டால் இந்தக் கதவுகள் இவ்வளவு சீக்கிரம் திறந்திருக்காது. நடுவர்களும் இங்கிருந்து அங்கே போகிறார்கள். பாடகர் ஸ்ரீநிவாஸ் சூப்பர் சிங்கரிலும் உட்கார்ந்தார், பிறகு சரிகமபவிலும் உட்கார்ந்தார். அவர் ஒரு சுரம் இறங்கியதைச் சொல்லிக்கொடுக்கிற விதம் எந்தச் சேனலில் இருந்தாலும் கேட்கத் தகுந்தது.

ஆனால் மாம்பலம்வாசி சார், ஒரு விஷயம் உங்கள் பெண்ணுக்குச் சொல்லிவையுங்கள். டிவியில் வருகிற குரல் மேடையில் கேட்ட குரல் அல்ல. ஒவ்வொரு வாத்தியமும் பாடுகிறவர் குரலும் தனித்தனி டிராக்காகப் பதிவாகும், பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்வார்கள், நான் வாசித்த இடத்தில் சுருதி விலகிய இடங்களை மென்பொருளில் சரி செய்வதும் நடந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்கிற குழந்தை 'அவங்களுக்கு ஒரு பிசிறுகூட வரலையே, எனக்கு மட்டும் ஏன் வருது' என்று மனசு உடைந்துபோகக் கூடாது. பிசிறு எல்லோருக்கும் வரும். மார்கழியில் உங்கள் மாம்பலத்திலேயே கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள், பெரிய வித்வான்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுருதி சேர்த்து, முதல் உருப்படியில் குரலைத் தேடிப் பிடிப்பதை அவள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

போரூர் அம்மா:

ஆடிஷன் பற்றி நான் சொல்கிறேன். என் பையன் ஒரு சேனலின் சிறுவர் பாட்டுப் போட்டியில் சில வாரங்கள் இருந்தான். எந்தச் சேனல் என்று சொல்லவில்லை, கேட்கவும் வேண்டாம்.

வாரம் ஒரு எபிசோட் வந்தால் வாரம் ஒரு நாள் ஷூட்டிங் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று எபிசோடைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். காலையில் மேக்கப்புக்கு உட்கார்ந்த பிள்ளை இரவு பத்து மணிக்கு மேலும் தன் முறை வராமல், பூந்தமல்லி பக்கம் ஒரு ஷெட்டில், ஜிகினாச் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிப்போயிருக்கிறான். எழுப்பி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பாட அனுப்பினோம். தொண்டை கட்டிக்கொண்டது. அந்த வாரமே அவன் வெளியேறினான். நடுவர் "இன்னிக்கு உன் வாய்ஸ் ஃப்ரெஷ்ஷா இல்லையே கண்ணா" என்று அன்பாகத்தான் சொன்னார், எனக்கு வயிறு எரிந்தது.

பிறகுதான் ஒரு வக்கீல் அண்ணன் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, 2017ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பள்ளிப் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு வருமானம் இருந்தால் அதில் குறைந்தது 20 சதவீதம் அவன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். எங்களோடு இருந்த பெற்றோர் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் கேட்டிருப்போமா என்றால், அடுத்த சுற்றில் பிள்ளையைத் தூக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டோம்.

இன்னொன்று ஒப்பந்தம். நிகழ்ச்சி முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு சேனலில் பாடக் கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கினார்கள். சேனல்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்கிற சண்டையில் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயைக் கட்டுகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் பாடுவதற்குக்கூட, அதை யாரோ யூடியூபில் போட்டால் பிரச்சினை வருமோ என்று யோசிக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள், புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அவன் இன்னும் பாடுகிறான், அதுவரைக்கும் சந்தோஷம். அந்த மேடையில் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு பாடியது அவனுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாம்பலம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. போரூர் அம்மா, உங்கள் பதிலை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இந்த வருடம் ஆடிஷன் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். பெண் கொஞ்சம் முகம் தூக்கினாள். டீச்சரிடம் கேட்டோம், நவராத்திரிக்கு நாலு வீட்டுக் கொலுவில் முழுப் பாட்டாகப் பாடட்டும் என்றார்.

ரேட்கார்டு, ஒரே ஒரு கேள்வி. எங்களை மாதிரி ஆட்கள் பாட்டைத்தான் விரும்புகிறோம் என்று சேனலுக்கு எப்படித் தெரியப்படுத்துவது? எங்கள் வீட்டில் மீட்டரும் இல்லையே.

ரேட்கார்டு:

மீட்டர் இல்லாத வீடு டிவி கணக்கில் வராது, அது உண்மை. ஆனால் சேனல்கள் இப்போது ஆப்பிலும் யூடியூபிலும் பாட்டைத் தனியாக வெட்டிப் போடுகிறார்கள், அந்த எண்களையும் ஸ்பான்சரிடம் காட்டுகிறார்கள். ஒரு கிளிப் எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள் என்பது அங்கே தெரியும். பாட்டு கிளிப்பைக் கடைசி வரை கேளுங்கள், அழுகை கிளிப்பைத் தொடாதீர்கள். கமெண்டில் பாடகர் பெயரைச் சொல்லி, எந்த இடம் பிடித்தது என்று எழுதுங்கள். நிகழ்ச்சி டீமில் இருப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள், மீட்டிங்கில் எடுத்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர் நேயர்:

அந்தச் சரணம் வெட்டுப்பட்ட பையன் பாட்டு எது என்று சொல்லுங்கள் மாம்பலம்வாசி. முழுசாக எங்காவது போட்டிருந்தால் இங்கே லிங்க் கொடுக்கிறேன், உங்கள் பெண் கேட்கட்டும்.