சயனோடைப் அச்சு – புதுப்பிப்பு: நீலம் இப்போது தாளில் நிற்கிறது

சயனோடைப் அச்சில் (இரும்பு உப்புகள் பூசிய தாளை வெயிலில் வைத்து, பின் கழுவி நீலப் படம் எடுக்கும் முறை) கழுவும்போது நீலம் தண்ணீரோடு ஓடிவிடுகிறது, அச்சு வெளிறிப்போகிறது என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். தாளை மாற்றுங்கள், வெயிலில் கூடுதல் நேரம் வையுங்கள் என்றீர்கள். இரண்டுமே பலித்தன. மிக்க நன்றி!

தாள்தான் பெரிய வேறுபாட்டைத் தந்தது. நெடுநாள் பழுப்பேறாமல் இருப்பதற்காகப் பல ஓவியத் தாள்களில் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். அந்தக் காரத்தன்மை அச்சின் நீல நிறமியான பிரஷ்ய நீலத்தைச் சிதைக்கிறது. அது சேர்க்காத பருத்தித் தாளில் நிழல் பகுதிகள் ஆழ்ந்த நீலமாக நிற்கின்றன.

வெயிலைப் பொறுத்தவரை, கடிகாரத்தைவிட நிறத்தை நம்புவதே நல்லது. மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு நீலமாகும். அப்போது எடுக்கக் கூடாது. அடர்ந்த பகுதிகள் வெண்கலச் சாயலுள்ள சாம்பல் நிறத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். புற ஊதாக் கதிர்கள் பூச்சிலுள்ள ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் என்ற இன்னொரு இரும்பு வடிவமாக மாற்றினால்தான், அது பூச்சிலுள்ள ஃபெரிசயனைடு உப்புடன் சேர்ந்து கரையாத நீலமாகும். மாறாத உப்புகள் கழுவும்போது போய்விடும்.

கழுவிய பின் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒருமுறை நனைத்தேன். காற்றில் ஒரு நாள் உலர்ந்து வர வேண்டிய அடர்த்தி கண்முன்னே ஏறியது. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த வேதியியல் இன்றும் இப்படிச் சிலிர்க்க வைக்கிறது!

இதுவரை இலைகளை வைத்தே அச்சிட்டேன். அடுத்தது ஒளிபுகும் தாளில் அச்சிட்ட நெகடிவ். அதற்கு நெகடிவின் மாறுபாட்டை (ஒளி-நிழல் வேறுபாட்டை) எவ்வளவு கூட்டுகிறீர்கள்?