மறு: டிரான்சிஷன் ப்ரோக்ராமுக்குத் தமிழ்ல என்ன? – கடத்தல் வேண்டாம், கடவை?

எல்லாருக்கும் வணக்கமுங்க,

மூணு நாளா மெயில் பக்கமே வரல, இன்னிக்குத் திறந்தா நான் ஆரம்பிச்ச இழையில இருபதுக்கு மேல பதில் குமிஞ்சு கெடக்கு, படிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு காப்பி ஆயிருச்சு. தனித்தனியா பதில் போட்டா சிதறிரும்னு ஒரே மெயிலா எழுதறேன், நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல என் தப்ப ஒத்துக்கறேன். "டிரான்சிஷன் ப்ரோக்ராமுக்குத் தமிழ்ல என்ன"ன்னு ஒத்த வரில கேட்டுட்டுப் போயிட்டேன், அது என்ன சாமான்னு வெளக்கவே இல்ல, அதான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கறீங்க. இங்க கலிபோர்னியால, மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க பன்னெண்டாவது வரைக்கும் வந்துட்டு வழக்கமான டிப்ளமா வாங்கலைன்னா, 22 வயசு வரைக்கும் அவங்களுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியது பள்ளி மாவட்டத்தோட கடமை. டிப்ளமா வாங்கிட்டா அந்த உரிமை அன்னிக்கோட சரி, அதனாலயே நிறைய வீட்ல வெறும் சான்றிதழ மட்டும் வாங்கிட்டு பிள்ளைய இந்த வகுப்புல சேப்பாங்க. மாநிலத்துக்கு மாநிலம் வயசு மாறும், மிச்சிகன்ல 26 வரைக்கும் உண்டு.

என் பையனுக்கு இப்ப 20. காலைல மஞ்ச பஸ் வரும், போவான். அங்க கணக்கு சயின்ஸ் கெடையாது. ஒரு நாள் துணி தொவைக்கற மெஷின், ஒரு நாள் லிஸ்ட் எழுதிட்டுப் போயி மளிகை வாங்கறது, ஒரு நாள் கிளிப்பர் கார்டு (இங்க பஸ், ரயில் கட்டணத்துக்கான அட்டை) தட்டி பஸ் ஏறி லைப்ரரி போறது, வாரத்துல ரெண்டு நாள் ஒரு கடைல அலமாரி அடுக்கற வேலை. எங்க அத்தை ஊர்லருந்து, கோபிசெட்டிபாளையத்துலருந்து, போன் பண்ணும்போதெல்லாம் "இன்னும் ஸ்கூலுக்கா போறான், எத்தனாவதுங் கண்ணு?"ன்னு கேப்பாங்க. ட்ரெய்னிங்னு சொன்னா "அப்ப சம்பளம் எவ்வளவு?". வார்த்தை இல்லாம நான் படற பாடு இதுதான். எங்க பெற்றோர் குழுவுல தமிழ்ல ஒரு கையேடு போடறோம், புதுசா வந்தவங்களுக்கும் ஊர்லருக்கற தாத்தா பாட்டிங்களுக்கும், அதுக்குத்தான் இந்தச் சொல்லு வேணும்.

இப்ப உங்க யோசனைகளுக்கு வர்றேன்.

> நிலைமாற்றம் என்று இயற்பியலில் ஏற்கெனவே இருக்கிறதே. "நிலைமாற்றத் திட்டம்" போதாதா?

ஐயா, ஐஸ்கட்டி தண்ணியாகறதுக்கு அது சரிங்க. ஆனா நான் சோதனைக்கு "மாற்றுத்திறனாளி மாணவர் நிலைமாற்றத் திட்டம்"னு அடிச்சு ஒரு பிரிண்ட் எடுத்து, போன வருசம் சேலத்துலருந்து வந்த ஒரு அம்மாகிட்ட குடுத்தேன். அவங்க பொண்ணுக்கு 15 வயசு. படிச்சுட்டு நிமிந்து பாத்து "இதுல சேத்தா குணமாக்கிருவாங்களாங்க?"ன்னு கேட்டாங்க. அந்தம்மா மூஞ்சில வந்த ஆசையப் பாத்ததும் அந்தத் தாளை வாங்கி மடிச்சு பைல போட்டுட்டேன். ஒரே வரில ரெண்டு "மாற்று" வந்தா அப்படித்தான் படிக்கத் தோணும், அவங்க மேல தப்பில்ல.

> இடைநிலைக் கல்வி?

அது ஏற்கெனவே குடியிருக்கற வீடு. நம்மூர்லயும் சரி இலங்கைலயும் சரி, இடைநிலைன்னா நடுவுல இருக்கற வகுப்புங்கதான்.

> தற்சார்புப் பயிற்சி. அல்லது எளிமையாக "சொந்தக் காலில் நிற்கும் பயிற்சி".

தம்பி, சொந்தக் கால் வேண்டாம். எங்க வகுப்புல பாதிப் பேரு வீல்சேர்ல வர்றாங்க, அவங்க கிட்ட போயி இந்தப் பேரச் சொல்ல எனக்கு வாய் வராது. தற்சார்புன்னு சொல்றதுலயும் எனக்கு ஒரு சிக்கல் இருக்கு, கொஞ்சம் நின்னு சொல்றேன். இங்க பெர்க்லில எட் ராபர்ட்ஸ்னு ஒருத்தர், 14 வயசுல போலியோ வந்து கழுத்துக்குக் கீழ அசைய முடியாமப் போச்சு, ராத்திரில இரும்பு நுரையீரல் மெஷினுக்குள்ள படுத்தாத்தான் மூச்சு. 1962ல யுனிவர்சிடில சேரும்போது அந்த மெஷின் ஹாஸ்டல்ல நுழையாதுன்னு வளாகத்து ஆஸ்பத்திரியவே அவருக்கு ஹாஸ்டல் ஆக்கினாங்க. 1972ல அவரும் கூட்டாளிங்களும் சேர்ந்து சுதந்திர வாழ்வு மையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, உலகம் பூரா இருக்கற இந்தப் பேச்சுக்கெல்லாம் அதுதான் முக்கியமான ஒரு ஊத்து. "இவருக்கு வேலை கெடைக்க வாய்ப்பே இல்ல"ன்னு கைவிரிச்ச அதே மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1975ல அவரே இயக்குநரா வந்து உக்காந்தார். சாப்பாடு ஊட்டறதுலருந்து எல்லாத்துக்கும் ஆள் வேண்டியிருந்துச்சு அவருக்கு. ஆனா எந்த ஆளு, எந்நேரம், என்ன சாப்பாடுங்கறத சொன்னது அவர். அவங்க சொல்ற சுதந்திரம் இதுதாங்க, யாரையும் சாராம இருக்கறது இல்ல. அதனால தற்சார்புன்னு போட்டா பாதி பிள்ளைங்கள வாசல்லயே "நீ தேற மாட்ட"ன்னு திருப்பி அனுப்பற மாதிரி ஆயிரும்.

> கரையேற்றம்.

பொண்ணுக்குக் கல்யாணம் பண்றதுக்கும் இதுக்கும் ஒரே சொல்லா? பிள்ளை என்ன கடல்லயா தத்தளிக்குது. வேண்டாங்க.

> நடவு. பள்ளி நாற்றங்கால், வெளியுலகம் வயல்.

அக்கா, இதப் படிச்சப்ப நான் ஒரு நிமிசம் விழுந்துட்டேன். கொடிவேரித் தண்ணி பாயற ஊர்ல பொறந்தவ நான், நாத்து பறிச்சுக் கட்டிக் குடுத்திருக்கேன். குறுகிய கால ரகம்னா இருபது இருபத்தஞ்சு நாள்ல பறிக்கணும், விட்டா முத்திரும், முத்தின நாத்த நட்டா தூர் கட்டாது. இங்க சட்டமும் வயசப் புடிச்சுட்டுத்தான் சண்டை போடுது. 1975ல அமெரிக்கா பூராவும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் பள்ளி உண்டுன்னு சட்டம் வந்துச்சு, அப்படிப் படிச்ச பிள்ளைங்க முடிச்சுட்டு வீட்ல சோபால வந்து உக்காந்தப்பதான் அடுத்து என்னன்னு யோசிச்சாங்க. 1984ல கல்வித் துறை பள்ளிக்கும் வேலைக்கும் நடுவுல பாலம்னு ஒரு கொள்கை பேசுச்சு, 1990ல அது சட்டத்துலயே ஏறுச்சு, 1997ல பள்ளிக்கப்புறம் என்னங்கற பேச்ச 14 வயசுலயே ஆரம்பிக்கணும்னாங்க, 2004ல 16 போதும்னு தள்ளிட்டாங்க, சில மாநிலங்க மட்டும் 14ஐ விடாமப் புடிச்சிருக்கு. 14ஆ 16ஆன்னு கேட்டா கோபில எந்தப் பாட்டியும் பதில் சொல்லிரும், நாத்து முத்தறதுக்கு முன்னாடின்னு.

ஆனா நாத்த யாரும் கேக்கறதில்லையே அக்கா. எந்த வயல்ல வேணும்னு கேட்டுட்டா புடுங்கறோம்? இங்க இந்தத் திட்டத்தப் பத்தி மீட்டிங் போட்டா மாணவனையும் கூப்புடணும்னு சட்டத்துலயே இருக்கு. 18 ஆனா முடிவெடுக்கற உரிமை பெத்தவங்க கைய விட்டு அவனுக்கே போகுது, கோர்ட்டுல போயி வேற ஏற்பாடு பண்ணாத வரைக்கும். என் பையன் மீட்டிங்ல மேசை ஓரமா உக்காந்து ஒரு பேப்பர் கப்ப சுத்திட்டே இருந்தான், டீச்சர் அவன் பக்கம் திரும்பி நாலு படத்த வெச்சு அடுத்த வருசம் என்ன கத்துக்கணும்னு கேட்டாங்க. அவன் அதிகம் பேச மாட்டான். பஸ் படத்து மேல விரல வெச்சு "பஸ். நோ அம்மா"ன்னான். நோ அம்மா! எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அப்புறம் பாத்ரூம் போயிட்டு வந்தேன். கடைசில கையெழுத்தும் அவன்தான், மூணு கோட்டையும் அடைச்சு பெரிய பெரிய எழுத்தா.

அதனால பேராசிரியர் ஐயா போன வாரம் சொன்னத புடிச்சுக்கறேன். பிறவினைச் சொல்லு எதுவும் வேண்டாம், தன்வினையாப் பாருங்கன்னாரு. மாறு – மாற்று, ஏறு – ஏற்று, ஆகு – ஆக்கு, கட – கடத்து. இங்கிலீஷ்ல அந்த ஒத்த வார்த்தைல இது தெரியவே தெரியாது, தமிழ்ல ஒரு ஒத்து சேத்தா செய்யறது யாருங்கறதே மாறிருது. "ஆளாக்கல்"னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, அப்ப அதுக்கு முன்னாடி அவன் ஆளில்லையான்னு கேள்வி வரும். "ஆளாதல்"னு மாத்தினா எங்க ஊர்ல பந்தல் போட்டு சீர் வெச்சிருவாங்க. அதே மாதிரி கடத்தல் திட்டம்னு போட்டா கஸ்டம்ஸ்காரங்க வந்துருவாங்க.

பெயர்வுன்னு நான் ஒண்ணு வெச்சிருந்தேன், யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதினதப் பாத்து அதையும் விட்டுட்டேன்.

> பெயர்வு எண்டா எங்களுக்கு இடப்பெயர்வுதான் ஞாபகம் வரும், மூட்டை முடிச்சோட. பிள்ளையளுக்கு அது வேண்டாம். எங்கட பக்கம் றோட்டுக் கடக்கிற இடத்துக்குக் கடவை எண்டு சொல்லுறது. பாதசாரிக் கடவை, ரயில் கடவை. இதை எடுத்தா என்ன?

அண்ணா, இதத்தான் நான் எடுத்துக்கப் போறேன், ஏன்னு சொல்றேன்.

எங்க வகுப்புக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல ஆறு வழி ரோடு. பையனுக்கு அதத் தாண்டக் கத்துக்குடுக்க ஏழு மாசம் ஆச்சு. முதல்ல உதவியாளர் முழங்கையப் புடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போவார், அப்புறம் கைய எடுத்துட்டுப் பக்கத்துல, அப்புறம் ஒரு அடி பின்னால, அப்புறம் பத்தடி. அம்மாங்க வரக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருந்தாங்க, நான் எதுத்தாப்புல கடை பார்க்கிங்ல காருக்குள்ள சரிஞ்சு உக்காந்து பாத்துட்டிருந்தேன். பட்டன அமுத்தினான். "வெயிட்"னு மெஷின் சொல்லுச்சு, அவனும் "வெயிட்"னான். நடக்கற பொம்மை எரிஞ்சப்ப இவன் வலது பக்கம் திரும்பற ஒரு கார பாத்துட்டே நின்னான், அது போறதுக்குள்ள பொம்மை போயி நம்பர் ஓட ஆரம்பிச்சிருச்சு, 18, 17. பின்னால இருந்தவங்க எல்லாம் இவனத் தாண்டி ஓடறாங்க. இவன் அசையல. நம்பர் ஓட ஆரம்பிச்சா கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்திருக்காங்க, அவ்வளவுதான். உதவியாளர் தூண் பக்கத்துல போனப் பாக்கற மாதிரி நின்னுட்டிருக்கார், வாயத் தொறக்கல. இன்னொரு சுத்து வர்ற வரைக்கும் நின்னு, மறுபடி பட்டன அமுத்தி, பொம்மை வந்து, ரெண்டு பக்கமும் பாத்து, கடந்து போனான். அந்தப் பக்கம் ஏறினதும் திரும்பிக்கூடப் பாக்கல, நேரா பஸ் ஸ்டாப்.

கடவைங்கறது இடம். பட்டன், வெள்ளைக் கோடு, சத்தம், நிக்கற காரு எல்லாம் மத்தவங்க போட்டு வெச்சது, கடக்கறது மட்டும் அவன். தன்வினை உதவி ரெண்டும் ஒரே சொல்லுல வந்துருது. பாலம்னு போட்டாலும் இது வரும்தான், ஆனா பாலத்துல நின்னு யோசிக்க வேண்டியதில்ல, கடவைல யோசிக்கணும்.

தமிழ்நாட்டுக்காரங்களுக்குப் புரியுமான்னு சந்தேகம் இருந்துச்சு, நமக்கு அது ஜீப்ரா கிராசிங்தானே. கடவுச்சொல்லு, கடவுச்சீட்டு ரெண்டும் பழகிருச்சு, அதனால வேர் புதுசில்ல. நேத்து அத்தைகிட்ட போன்ல சும்மா போட்டுப் பாத்தேன், "கடவை வகுப்புக்குப் போறானுங்க அத்தை"ன்னு. "கடவுங்கறயா? தோட்டத்து வேலில ஆளு பூந்து போறதுக்கு வுட்டிருப்பமே அதாட்டமா?"ன்னாங்க. மாடு பூராது, ஆளு மட்டும் பூரலாம், அதுதான் கடவு. எத்தனாவதுன்னு அதுக்கப்புறம் கேக்கல, "எந்தத் தோட்டத்துக்குள்ள போறதுக்கு?"ன்னு கேட்டாங்க, அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.

ஆகவே கையேட்டுல இப்படிப் போடலாம்னு இருக்கேன்: ப்ரோக்ராமுக்கு கடவைக் கல்வி, 18லருந்து 22 வரைக்கும் கடவைப் பருவம், வருசா வருசம் எழுதற பிளானுக்கு கடவைத் திட்டம். மைனர் இல்லாம ஆனதும் கோர்ட்டு பாதுகாவலருக்குப் பதிலா நம்பிக்கையானவங்கள வெச்சுட்டுத் தானே முடிவெடுக்கற ஏற்பாட்டுக்கு "துணையோடு முடிவெடுத்தல்". நம்மூர்ல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இலவசக் கல்வி 18 வரைக்கும்தான், அதுக்கப்புறம் பல எடத்துல தொழிற்பயிற்சிப் பிரிவுன்னு காகித உறை ஒட்டறது, மெழுகுவத்தி ஊத்தறதுன்னு போயிருது, அத நான் கொற சொல்லல, ஆனா அதுக்குக் கடவைன்னு பேர் வெச்சிராதீங்க, ரோட்டத் தாண்டறது அதுல இல்ல.

இன்னும் மூணு சொல்லு பாக்கி. பிள்ளைக்கு ஞாபகம் வரலைன்னா டீச்சர் ஒரு சாடை காட்டறது, முதல் வார்த்தைய சொல்றது, இதுக்கு ப்ராம்ப்ட்னு பேரு. தூண்டல்னு போட்டிருக்கீங்க, அது பரிசோதனைக்கூட எலி மாதிரி இருக்கு. நாடகத்துல, பாட்டுல அடி எடுத்துக்குடுக்கறதுன்னு சொல்வோமே, அதனால "எடுத்துக்கொடுப்பு"ன்னு வெச்சிருக்கேன், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க. அந்த உதவியாளர் பத்தடி தள்ளிப் போனாரே, அந்தக் கொஞ்சங்கொஞ்சமா விலகறதுக்கு ஒரு சொல்லு வேணும், விலகல்னா ராஜினாமா மாதிரி இருக்கு. அப்புறம் ஜாப் கோச், வேலை எடத்துல கூட நின்னு சொல்லிக்குடுக்கறவர். பயிற்சியாளர்னா கிரிக்கெட், கண்காணின்னா தேயிலைத் தோட்டம். மலேசியா, இலங்கைல என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. வர்ற சனிக்கெழம அச்சுக்குக் குடுக்கணும், அதுக்குள்ள வந்தா நல்லாருக்கும்.