முறைமை அழைப்புக்குப் பின் ஆர்சிஎக்ஸ் பதிவகத்தின் பெறுமானம் மாறிவிடுகிறது

வினா (வெள்ளவத்தை, மாணவர்)

வணக்கம். 64 பிட் லினக்ஸில் ஒரு வரியை ஐந்து தடவை அச்சிடும் சிறிய அசெம்பிளி செய்நிரல் ஒன்றை எழுதியுள்ளேன். எண்ணியை ஆர்சிஎக்ஸில் (செயலிக்குள் எண்களை வைத்திருக்கும் சிறு இடங்களான பதிவகங்களில் ஒன்று) இட்டு, அச்சிடச் சொல்லும் ரைட் அழைப்பை விடுத்தபின், ஆர்சிஎக்ஸில் ஒன்றைக் கழித்துப் பூச்சியமில்லையென்றால் தாவும் லூப் அறிவுறுத்தலால் மேலே திரும்புகிறேன். அது ஐந்தோடு நிற்காமல், நானாக நிறுத்தும் வரை அச்சிட்டுக்கொண்டே போகிறது. அந்த அழைப்பை விடுக்கும் சிஸ்கால் அறிவுறுத்தலுக்கு அடுத்த இடத்தில், ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் நிறுத்திப் பார்த்தால், ஆர்சிஎக்ஸில் பதினறும எண் 401020 இருக்கிறது. நான் தொடவே தொடாத ஆர்11இல் பதினறும எண் 202 இருக்கிறது. வகுப்பில் தந்த 32 பிட் உதாரணமோ ஒழுங்காக ஓடுகிறது. இயக்கமுறைமையின் கருவான கேர்னல் பதிவகங்களைப் பாதுகாத்துத் திருப்பித் தரும் என்றுதானே படித்தோம்?

பதில் (கொட்டாஞ்சேனை)

தம்பி, உங்கள் லூப் அறிவுறுத்தல் எந்த முகவரியில் இருக்கிறதென்று பாருங்கள். அதுவும் 401020ஆகத்தான் இருக்கும். சிஸ்கால் இயங்கும்போது, திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் கொடிப் பதிவகத்தை (செயலியின் நிலையைக் காட்டும் பிட்டுகள்) ஆர்11இலும் செயலியே எழுதிவிடுகிறது. 202 என்பது இடையூறுகள் அனுமதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் கொடியும், எப்போதும் 1ஆக இருக்கும் ஒரு பிட்டும் சேர்ந்தது. லூப் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழித்தாலும் அடுத்த சிஸ்கால் அதே முகவரியை மீண்டும் எழுதுவதால், எண்ணி பூச்சியத்தை எட்டப்போவதே இல்லை.

32 பிட் உதாரணம், முறைமை அழைப்புக்கான பழைய வழியான இன்ட் 80 அறிவுறுத்தல் வழியாகச் சென்றிருக்கும். அங்கே செயலி திரும்பும் முகவரியையும் கொடிகளையும் கேர்னல் அடுக்கில் (நினைவகத்திலுள்ள தற்காலிகச் சேமிப்பிடம்) தள்ளுகிறது. பொதுப் பதிவகம் எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை. சிஸ்கால் வேகத்துக்காக அமைக்கப்பட்டது. அடுக்குச் சுட்டியைக்கூட அது மாற்றுவதில்லை, அந்த வேலை கேர்னலின் தலையில்தான் விழுகிறது.

எண்ணியை ஆர்பிஎக்ஸுக்கோ ஆர்12க்கோ மாற்றி, ஒன்றைக் கழித்துப் பூச்சியமில்லையென்றால் தாவும்படி எழுதுங்கள்.

வினாவியவர்

நன்றி அண்ணா, ஆர்பிஎக்ஸுக்கு மாற்றியதும் ஐந்தோடு நின்றது. ஆனால் கேர்னல் தன் அடுக்கில் அமைக்கும், பதிவகப் பெறுமானங்களைச் சேமிக்கும் பிடிரெக்ஸ் கட்டமைப்பில் ஆர்சிஎக்ஸுக்கும் ஓர் இடம் உண்டே; அதிலிருந்து பழைய 5ஐ மீட்க முடியாதா?

பதில் (கொட்டாஞ்சேனை)

இடம் உண்டு, 5தான் இல்லை. கேர்னலின் முதல் அறிவுறுத்தல் ஓடத் தொடங்குமுன்பே அது அழிந்துவிட்டதால், அந்த இடத்தில் சேமிக்கப்படுவதும் திரும்பும் முகவரிதான். வெளியேறும்போது சிஸ்ரெட் அறிவுறுத்தல் அந்த முகவரியை ஆர்சிஎக்ஸிலிருந்தும் கொடிகளை ஆர்11இலிருந்தும் எடுத்துக்கொள்ளும். விளைவைத் தாங்கிவரும் ஆர்ஏஎக்ஸ் நீங்கலாக ஏனைய பொதுப் பதிவகங்களை லினக்ஸ் உள்ளபடியே திருப்பித் தரும். நீங்கள் படித்தது அந்த அளவில் சரியே.

பதில் (பம்பலப்பிட்டி)

நான்காவது அளபுருவைச் சாதாரணச் சார்பு அழைப்பு ஆர்சிஎக்ஸில் அனுப்ப, முறைமை அழைப்பு ஆர்10இல் கேட்பதற்கும் இதுவே காரணம். சீ மொழியின் உள்ளே அசெம்பிளி எழுதினால், ஆர்சிஎக்ஸ், ஆர்11 இரண்டும் நினைவகமும் மாறும் என்று தொகுப்பிக்கு அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உகப்பாக்கம் இல்லாமல் தொகுக்கும்போது சரியாக ஓடும் செய்நிரல், உகப்பாக்கத்தைக் கேட்கும் ஓ2 தெரிவைக் கொடுத்ததும் குழம்பலாம். அந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது இதைவிடப் பெரும்பாடு.