கலந்துரையாடலுக்கு 10 மதிப்பெண்: எண்ணிக்கைக்கா, எழுத்துக்கா?

வெண்ணாற்றங்கரை:
திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். இணைய வகுப்பில் கலந்துரையாடலுக்கு 10 மதிப்பெண். வாரம் ஒரு பதிவும் இரண்டு மறுமொழிகளும் எழுத வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. சென்ற வாரம் நான் கேட்டது: "மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை நெல்லுக்குப் போதுமா?" பாதிக்கு மேற்பட்டோர் "அருமை, நானும் ஏற்கிறேன்" என்று இரண்டு இடத்தில் எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண்.

வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருத்தி ஒரே பதிவுதான் எழுதினாள். "கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் தண்ணீர் வந்துவிடும். எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் அப்பா குறுவை போடுவதில்லை. புழுதியில் விதைத்துவிட்டு மழையைப் பார்ப்போம், சம்பா ஒரு போகம்தான்." விதிப்படி இவளுக்கு 4. போடக் கை வரவில்லை. எண்ணிக்கையை எடுத்துவிட வேண்டும்.

குடந்தை ஆசிரியை:
எடுக்கக் கூடாது ஐயா. 2020 ஊரடங்கில் எண்ணிக்கை இல்லாமல்தான் நான் தொடங்கினேன். முதல் மாதம் முழுவதும் அதே ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேரும் நகரத்துப் பிள்ளைகள். "தரம் பார்த்துப் போடுகிறேன்" என்றால், நடை நன்றாக இருப்பவனுக்கு நம்மை அறியாமலே ஒரு மதிப்பெண் கூடிவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை "எனக்கு ஏன் 5?" என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? எண்ணிக்கையையாவது காட்டலாம்.

கடைமடை மாணவன்:
இருவரும் நாங்கள் ஏன் "ஏற்கிறேன்" என்று எழுதுகிறோம் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் போன் ஒன்று. அக்காவின் வகுப்பு முடிந்து என் கைக்கு வரும்போது இரவு பத்து மணி. அதற்குள் முதல் மூன்று பேர் எல்லாவற்றையும் எழுதியிருப்பார்கள். படித்த பிறகு சொந்தமாகச் சொல்ல ஒன்றும் தோன்றாது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் அந்த ஒரு வரியும் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
தம்பி சொல்வதில் பாதிக்கு வழி இருக்கிறது. இணைய வகுப்பு நடத்தும் மூடில் (Moodle) மென்பொருளில் கேள்வி-பதில் வகை மன்றம் உண்டு. மாணவர் தம் பதிலைப் பதிந்து, திருத்தும் நேரம் (வழக்கமாக 30 நிமிடம்) கழிந்த பிறகே மற்றவர்கள் எழுதியது தெரியும். பத்து மணிக்கு வருபவனும் வெறும் பக்கத்தில்தான் தொடங்குவான். கெடுவையும் ஒரு வாரமாக வைக்காமல் பத்து நாளாக்கலாம். மறுமொழி என்றால், மற்றவரின் ஒரு வரியை எடுத்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டும், அல்லது தன் ஊரிலிருந்து ஒரு செய்தி சேர்த்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சுழியம். இதில் நடைக்கு இடமில்லை அம்மா, அந்தப் பிள்ளைக்கும் காட்டலாம்.

குடந்தை ஆசிரியை:
மறுமொழிக்கு நீங்கள் சொன்ன அளவுகோலை ஏற்கிறேன். குறைந்தது ஒரு மறுமொழி கட்டாயம் என்பதை விடமாட்டேன். அந்தப் பெண்ணும் பிறர் எழுதியதைப் படித்துப் பதில் சொல்லத்தான் வேண்டும். தன் ஊரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவது கலந்துரையாடல் ஆகாது. இன்னொன்று கேட்கிறேன். அவள் பதிவின் கீழ் நீங்கள் என்ன எழுதினீர்கள்?

வெண்ணாற்றங்கரை:
எழுதவில்லை. மதிப்பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு இன்று காலை எழுதினேன்: "போர்வெல் எத்தனை அடியில் உப்பாகிறது? முன்பும் அப்படித்தானா?" மாலைக்குள் அவளே அப்பாவிடம் கேட்டு வந்து பதில் எழுதிவிட்டாள். "ஏற்கிறேன்" என்று எழுதிய இருவர், தங்கள் ஊர்க் கிணற்றுக் கணக்கோடு அவளை மறுத்திருக்கிறார்கள். வாரக் கெடு முடிந்த பிறகு வந்த பதிவுகள் இவை.

குடந்தை ஆசிரியை:
அப்படியானால் அந்த மூவருக்கும் எத்தனை, எதற்காக என்பதை மற்ற பிள்ளைகளும் பார்க்கும்படி அடுத்த கேள்விக்கு முன்பே எழுதிப் போடுங்கள் ஐயா. அதைப் பார்த்துவிட்டு என் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறேன்.